யாரை எடுத்தால் படம் சுத்தமாகும்?

ஆராய்ச்சி நிலைய இயக்குநர் கையிலிருந்த படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அப்படியும் அது சிக்கெடுக்காத தலைமுடி மாதிரிதான் இருந்தது.

"என்னங்க இது, கோட்டு மேல கோடு ஏறி நிக்குது? மூணு மணிக்கு மேலிடத்துக் குழு வருது. இதைக் காட்டினா சிரிப்பாங்க."

எதிரே நின்றிருந்தார் படக்காரர். அந்த ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். யாருக்கு யாரோடு தொடர்பு என்பதைக் கணினியில் படமாக வரைவது அவர் வேலை. ஆளுக்கு ஒரு புள்ளி. இரண்டு பேருக்குள் வேலைத் தொடர்பு இருந்தால் நடுவில் ஒரு கோடு. நிலையத்தின் நாற்பத்து மூன்று பேரையும் புள்ளிகளாக்கி வைத்திருந்தார்.

"கோடு வெட்டிக்காம வரைய முடியாது சார். சில புள்ளிகளை எடுத்துட்டா வரும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

இயக்குநர் எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"யாரை எடுத்தா படம் சுத்தமா வரும்? எவ்வளவு கம்மியா முடியுமோ அவ்வளவு கம்மியா. பேரோட எழுதி எடுத்துட்டு வாங்க. யாரா இருந்தாலும் சரி. புரியுதா? யாரா இருந்தாலும்."

போன மாதம்தான் மேல்மாடியில் ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதற்கும் ஏதோ ஒரு படம்தான் காரணம் என்று பேச்சு.

படக்காரர் தன் மேஜைக்கு வந்து அதற்கான கணினி நிரலை ஓட்டினார். எத்தனை பேரை எடுக்கலாம் என்ற எண்ணை முதலில் அதற்குச் சொல்ல வேண்டும். எண் சின்னதாக இருந்தால் சிட்டாகப் பறக்கும். ஒன்று கூட்டினால் நேரம் எட்டு மடங்காகும். இதைப் பற்றி அவர் மூன்று கட்டுரைகள் எழுதியிருந்தார். மூன்றையும் முழுதாகப் படித்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

'ஒன்று' என்று கொடுத்தார். நாற்பது விநாடியில் விடை வந்தது.

எடுக்க வேண்டியவர்: இயக்குநர்.

படக்காரர் பாய்ந்து திரையைக் கையால் மூடினார். அறையில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் மூடினார். விடையில் தப்பு இல்லை. எல்லாக் காகிதமும் கையெழுத்துக்காக அந்த ஒரு புள்ளிக்குப் போய்த் திரும்பியது. அவரை எடுத்துவிட்டால் மீதி நாற்பத்திரண்டு பேரும் ஒரு கோடுகூட வெட்டாமல் அழகாக உட்கார்ந்தார்கள். இதை எந்த வாயால் அவரிடமே போய்ச் சொல்வது?

'இயக்குநரைத் தொடக்கூடாது' என்று நிரலுக்குக் கட்டளை போட்டு, எண்ணை இரண்டாக்கினார். ஐந்து நிமிடம் ஆனது.

எடுக்க வேண்டியவர்கள்: படக்காரர், நூலகர்.

நூலகர் அவருடைய மனைவி. கீழ்த்தளத்தில்தான் வேலை. ஒரே நாளில் வீட்டில் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும். தான் எழுதிய நிரலே தன் கழுத்துக்குக் கயிறு தேடுகிறதே!

அவசரமாக அந்த இரண்டு புள்ளிகளையும் பூட்டி, எண்ணை மூன்றாக்கினார். முக்கால் மணி நேரம் ஓடியது. அந்த நேரத்தில் மூன்று தடவை தண்ணீர் குடித்தார். நான்கு தடவை கழிப்பறைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது மனைவி திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னங்க, எங்க அண்ணன் பேரு இதுல எதுக்கு இருக்கு?"

அண்ணன் கொள்முதல் பிரிவின் தலைவர். படக்காரருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். பட்டியலில் கூடவே அவர் பிரிவு ஆட்கள் இன்னும் இரண்டு பேர்.

"நான் சொல்லலம்மா, கம்ப்யூட்டர் சொல்லுது."

"கம்ப்யூட்டருக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

"நம்ம ரெண்டு பேரை விட்டுடுன்னு சொன்னேன். அது அவரைப் பிடிச்சுக்கிச்சு."

"அடப்பாவி! நம்மளைக் காப்பாத்த எங்க அண்ணனைக் குடுத்தீங்களா?" அவள் மேஜையைத் தட்டினாள். "அவரு முகத்துல நான் எப்படி முழிப்பேன்? முதல்ல அதை அழிங்க!"

அழித்தார். மூவரையும் பூட்டினார். எண்ணை நான்காக்கினார். கணினி ஆறு மணி நேரம் கேட்டது. மணி இரண்டே கால். ஆளைக் காப்பாற்றக் காப்பாற்ற, அடுத்த பலி இன்னும் பெரிதாக வந்தது. இயந்திரத்தின் விசிறி ஓலமிட்டது. படக்காரரும் கிட்டத்தட்ட அந்த நிலைக்கு வந்திருந்தார்.

"ஏங்க, யாரையும் எடுக்க முடியாதுன்னு எழுதிடுங்களேன்" என்றாள் மனைவி.

"அது பொய்ம்மா. வாழ்க்கையில இதுவரைக்கும் ஒரு பொய்யான படம் வரைஞ்சதில்ல."

"வேலை போனா உண்மையான படமும் வரைய முடியாது."

அவர் நிரலை நிறுத்தினார். பழைய சிக்கல் படத்தையே எடுத்தார். இயக்குநரின் புள்ளியைப் பத்து மடங்கு பெரிதாக்கி, நட்டநடுவில் வைத்துச் சிவப்பு அடித்தார். கீழே எழுதினார்: 'யாரையும் எடுக்க இயலாது. குறிப்பாக இயக்குநரை. அவர் இல்லையென்றால் இந்த நிலையமே சிதறிவிடும்.' கொஞ்சம் ஜால்ரா அதிகமோ என்று தோன்றியது. பயம் அதை அழிக்க விடவில்லை.

மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது உறையில் போட்டு இயக்குநரிடம் நீட்டினார். பிரித்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. குழு வாசலுக்கே வந்துவிட்டது. உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்ட அறைக்குள் போனார்.

படக்காரர் நடைக்கூடத்தில் நின்று நகத்தைக் கடித்தார். நான்கு மணிக்குக் கதவு திறந்தது. குழுவினர் வாயெல்லாம் பல்லாக வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். "அருமையான படம்!" என்றார் ஒருவர்.

கடைசியாக இயக்குநர் வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. படக்காரரைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார், தொலைந்தோம் என்று படக்காரர் சுவரோடு சாய்ந்தார். அப்போது இயக்குநரின் டிரைவர் இரண்டு அட்டைப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு படியேறி வந்தார்.

"அது... என் சாமானா?" என்று கேட்டார் படக்காரர்.

"ஐயாவோடது சார்" என்று டிரைவர் மூச்சு வாங்கினார். "என்னை வேலையிலேர்ந்து விட்டுடுங்கன்னு மேலிடத்துக்கு மூணு தடவை எழுதிக் கேட்டாரு, விடல. உங்க படத்துல தன் பேரு வந்தா இன்னைக்கே போயிடலாம்னு மத்தியானமே எல்லாத்தையும் கார்ல ஏத்தச் சொன்னாரு; நீங்க என்னத்தை வரைஞ்சு குடுத்தீங்களோ, இன்னும் அஞ்சு வருஷம் இருங்கன்னு நீட்டிச்சுட்டுப் போயிட்டாங்க!"