நெருப்புக்குத் தேதி கொடுத்த பேரூராட்சி

நெருப்பையே ‘பிறகு வா’ என்று காக்க வைக்கும் ஆட்சித்திறன், இந்தப் பூவுலகில் நாணல்மேடு பேரூராட்சித் தலைவர் சுப்பராயலு ஒருவருக்கே வாய்த்தது. சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஊர் அது. வெளியூரிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் கூரை சாம்பலாகி, அந்தச் சாம்பலில் பாத்திரமும் விளக்கி முடித்துவிடுவார்கள். மனம் பொறுக்காத தலைவர் 2008இல் ‘தீத்தடுப்புச் சிறப்பு வரி’ விதித்தார். கீழத்தெரு மங்கலம் முதல் ஆளாகக் கட்டினாள். கோடைக்குக் கோடை எரிகிற கூரை அவளுடையது.

வரிப்பணத்தில் ஊருக்கென்றே ஒரு தீயணைப்பு வண்டி வந்தது. செக்கச்செவேலென்று கல்யாணப் பெண் மாதிரி நின்றது. வெயிலில் சாயம் வெளுத்துவிடுமே என்று தலைவருக்குத் தூக்கம் போயிற்று. அதற்கென்றே தென்னங்கீற்றில் கொட்டகை போட்டார். குறுக்கே ரிப்பன் கட்டினார். திறந்து வைக்க மந்திரியிடம் தேதி கேட்டார். மந்திரி தரவில்லை. நெருப்பு தந்துவிட்டது.

“மாமா! வூடு பத்திக்கிச்சு! வண்டிய வுடச் சொல்லுங்க!” என்று ஓடிவந்தாள் மங்கலம்.

தலைவருக்கு நிஜமாகவே நெஞ்சு பதறியது. ஆனாலும் பதவி என்று ஒன்று இருக்கிறதே!

“ரிப்பன் வெட்டலியேம்மா. பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்காத வண்டி ரோட்டுல எறங்குனா எதுனா ஆயிடும்.”

“எனக்கு ஆயிட்டிருக்கே மாமா!”

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க. விழாவுல ஒனக்கு மொத வரிசையில சேர்.”

கீழத்தெருப் பெண்கள் குடம் குடமாக ஊற்றி அணைத்தார்கள். பாதிக் கூரை மிஞ்சியது. அந்தப் பாதியும் தம்முடைய வரியின் மகிமையே என்று தலைவர் மனப்பூர்வமாக நம்பினார்.

ஒருவழியாக மந்திரி வந்தார். ‘நெருப்பு ஒழிப்புப் பெருவிழா’ தொடங்கியது. மந்திரி காரை விட்டு இறங்கிக் கத்திரிக்கோலைக் கையில் வாங்கியதும் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினார்கள். ஒரு பொறி பறந்து கொட்டகைக் கீற்றில் உட்கார்ந்தது. கீற்று குபீரென்று பிடித்துக்கொண்டது.

“ஐயோ, வண்டி! யோவ் லூர்துசாமி, வண்டிய எடுய்யா!” என்று அலறினார் தலைவர்.

டிரைவர் லூர்துசாமி கைகட்டி நின்றார். “ரிப்பன் வெட்டலியே தலைவரே.”

“வெட்டித் தொலைய்யா!”

“கத்திரிக்கோல் மந்திரி கையில இருக்கு. மந்திரி கார்ல இருக்காரு. கார் சிதம்பரம் ரோட்டுல போயிட்டிருக்கு.”

முதல் வரிசை நாற்காலியிலிருந்து எழுந்தவள் மங்கலம்தான். அவள் குரல் கொடுத்ததும் தெருவே குடத்தோடு வந்தது. கொட்டகை போயிற்று, வண்டி பிழைத்தது. ரிப்பன் மட்டும் வெட்டாமலே கருகிவிட்டது.

தலைவர் கண் கலங்கிவிட்டார். அங்கேயே, புகை அடங்கும் முன்பே, அவசரத் தீர்மானம் வாசித்தார்: தீயணைப்பு வண்டியைத் தீயிலிருந்து காத்த கீழத்தெருக் குடங்கள் இன்று முதல் ‘துணைத் தீயணைப்பு நிலையம்’ என அறிவிக்கப்படுகின்றன. வண்டியின் பாதுகாப்புக்காகப் புதிய வரி ஒன்றும் விதிக்கப்படுகிறது.

கூட்டம் பழக்க தோஷத்தில் கைதட்டியது. மங்கலம் ஈரக் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

“எங்க வூட்ட நெருப்புலேருந்து காப்பாத்த ஒரு வரி கட்டுனோம். இப்ப வண்டிய நெருப்புலேருந்து காப்பாத்த ஒரு வரி. கட்டிடறோம். உங்ககிட்டேருந்து எங்களக் காப்பாத்திக்க எந்த வரி மாமா கட்டணும்?”