நாலாவது சீட்

காரின் கதவைத் திறந்தபடி நிரூபா பத்து நிமிடமாக நின்றாள். தாய் சிவனேஸ்வரி ஏறுவதாக இல்லை.

"மூண்டு பேராப் பயணம் போகக் கூடாது பிள்ளை."

"தம்பியை விடியவே வேலைக்குக் கூப்பிட்டிட்டினம். நான் என்னம்மா செய்ய?"

"அப்ப நான் நிக்கிறன். நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ."

தகப்பன் விக்னராஜா புதுத் தொப்பியோடு முன் சீட்டில் ஏறிவிட்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் நாற்பது வருடம் ரேடியோ திருத்தியவர். திருத்திய ரேடியோக்களில் கேட்டே கன்ட்ரி மியூசிக் பாட்டுகளைப் பாடமாக்கியவர். ஆஸ்திரேலியா வந்து மூன்று மாதத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டது ஒன்றுதான்: அந்தப் பாட்டுக்காரர் கூடுகிற டாம்வேர்த் நகரத்தை ஒருதரம் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஊருக்குப் பிளேன். நிரூபா வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் மூன்று நேர்ஸ்மாரிடம் கெஞ்சி ஷிஃப்ட் மாற்றியிருந்தாள். இனி விடுவதாக இல்லை.

"நாலாவதா ஒரு கல்லை வைச்சால் சரிதானே?" என்றார் அவர். "எங்கட அம்மா அப்பிடித்தான் செய்வா."

இரண்டு மாதத்துக்கு முன் குடிவந்த வீட்டின் வாசல் முழுக்கச் சீமெந்து. பக்கத்து வீட்டு ஷேர்லியின் ரோசாச் செடியடியில் பூசணிக்காய் அளவில் சாம்பல் நிறக் கல் ஒன்று இருந்தது. வீடு பூட்டியிருந்தது. நாளைக்கே திருப்பி வைத்துவிடலாம் என்று நிரூபா வேலிக்கு மேலால் எட்டித் தூக்கினாள். பருமனுக்கு அவ்வளவு பாரமில்லை.

பின் சீட்டில் வைத்ததும் கார் கீ கீ என்று கத்தத் தொடங்கியது.

"கீழ வையுங்கோ அம்மா."

"கூட வாற ஆளைக் காலடியில வைக்கிறதோ?"

கல்லுக்கு பெல்ட் போட்டார்கள். கார் அடங்கியது. ஹைவே ஏறியதும் சிவனேஸ்வரி கைப்பையிலிருந்து திருநீறு எடுத்துக் கல்லுக்கு மூன்று குறி இழுத்தாள்.

வழியில் விக்னராஜா இறைச்சி அடைத்துச் சுட்ட பை ஒன்று வாங்கித் தின்ன இறங்கப் பார்த்தார்.

"திருநீறு பூசின கல்லுக்குப் பக்கத்தில மச்சமோ?"

"நீர்தானே பூசினீர்."

"பூசினது பூசினதுதான்."

அவர் இடியப்பம் சாப்பிட்டார்.

டாம்வேர்த்தில் திறந்தவெளிக் கச்சேரி. வாசலில் நின்ற செக்யூரிட்டிக்காரன் சிவனேஸ்வரி தூக்கிவந்த கல்லுக்குக் குறுக்கே கையை நீட்டினான். கல் உள்ளே போக முடியாதாம்.

"காரில விட்டிட்டு வருவம்," என்றாள் நிரூபா.

"விட்டிட்டு மூண்டு பேரா உள்ள போறதோ?"

"நீங்கள் போங்கோ. நான் வெளியில நிண்டு கேக்கிறன்," என்றார் விக்னராஜா. குரல் சிறுத்துப் போயிருந்தது.

நிரூபா வராத தம்பியின் டிக்கெட்டை எடுத்து நீட்டினாள். "இது நாலாவது ஆள். முதல் வரிசை, சீட் பதினாறு."

அவன் டிக்கெட்டைப் பார்த்தான், திருநீற்றைப் பார்த்தான். "சாமியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"ஓம்... யெஸ்," என்றாள் நிரூபா. பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

உள்ளே நல்ல வெயில். கல் சுடுகிறது என்று சிவனேஸ்வரி கணவரின் தொப்பியைக் கழற்றி அதற்குப் போட்டாள். மேடையில் பாடிய பெண் அந்தத் தொப்பியைப் பார்த்துப் பார்த்து இரண்டு பாட்டுப் பொறுத்தாள். பிறகு கிட்டாரை நிறுத்தி, "அடுத்தது முதல் வரிசையில் வாயே திறக்காமல் இருக்கிற அந்தத் தொப்பிக்காரருக்கு," என்றாள். கூட்டம் எழும்பிப் பார்த்துச் சிரித்தது. நிரூபா குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினாள்.

தலை நிமிர்ந்தபோது விக்னராஜா பாடிக்கொண்டிருந்தார். கண்ணை மூடி, கல்லின் முதுகில் தாளம் போட்டு, ஒரு சொல் பிசகாமல். தகப்பன் இப்படிச் சத்தமாகப் பாடி நிரூபா கேட்டதே இல்லை.

மறுநாள் பின்னேரம் வீடு திரும்பினார்கள். கல்லைச் சத்தமில்லாமல் வைத்துவிடலாம் என்று நிரூபா வேலியடிக்குப் போனால், ரோசாச் செடியடியில் முழங்காலில் நின்று ஷேர்லி எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

நிரூபா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்: மூன்று பேர் போகக் கூடாததை, பெல்ட்டை, முதல் வரிசை சீட்டை, தொப்பியை, பாட்டை. திருநீற்றைத் துடைக்கப் போனவளின் கையை ஷேர்லி தடுத்தாள். கல்லை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இது கல் மாதிரிச் செய்த பெட்டி. இதுக்குள்ளே இருக்கிறது என் கணவர் கெவினுடைய சாம்பல்," என்றாள். "டாம்வேர்த்துக்குப் போவோம் என்று முப்பது வருடமாகக் கேட்டார், நான்தான் கூட்டிப் போகவில்லை. முதல் வரிசை என்றா சொன்னாய்?"