சுவரைச் சுரண்டிக் காலம் சொல்பவர்

யுகம் பிரிப்பவர் என்றோர் இனம் உண்டு. பெங்களூரில் இவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற நிலவியலாளர்களிடையே தேடினால் சீக்கிரம் அகப்படுவார்கள். எங்கள் லிங்கராஜபுரம் குடியிருப்பின் முதல் மாடியில் ஒருவர் இருக்கிறார். பெயர் மதலைமுத்து. பூர்வீகம் கோலார் தங்கவயல்.

இவரிடம் எதையும் கேட்காதீர்கள். கேட்டால் பூமி பிறந்த கதையில் ஆரம்பிப்பார். பூமிக்கு வயது நானூற்று ஐம்பத்து நாலு கோடி ஆண்டு; முன்னே பின்னே ஐந்து கோடி இருக்கலாம். ஐந்து கோடி! முப்பத்தாறு ஆண்டுகள் மழையளவுப் பதிவேடு எழுதியவன் நான். அரை மில்லிமீட்டர் பிசகியதற்கு விளக்கக் கடிதம் கொடுத்திருக்கிறேன். இவர்களுக்கு யார் மெமோ கொடுப்பது? அந்த வயதில் முதல் நானூறு கோடியை 'கேம்பிரியனுக்கு முன்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் ஐம்பத்து நாலு கோடியைப் பன்னிரண்டு காலங்களாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டி, ஒரு காலம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கமிட்டி கூட்டி ஓட்டெடுத்து முடிவு செய்து, உலகில் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் பாறையில் அதற்கென்று ஓர் உலோக ஆணியையும் அறைந்துவிட்டு வருகிறார்கள். சில இடங்களில் அடுக்குகளே காணவில்லையென்றால்? வெட்கமேயில்லை. அதற்கும் 'இடைமுறிவு' என்று ஒரு பெயர்.

கல்லோடு நின்றால் நமக்கென்ன? செப்டம்பர் பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு இருபதுக்கு இந்த விஞ்ஞானம் மாடியிலிருந்து கீழே இறங்கியது.

தரைத்தளத்தில் மதலைமுத்து வீட்டுக்கு நேர் கீழே சின்னத்தாய் இருக்கிறார், தையற்காரர். அடுத்த திங்கட்கிழமை தேவாலயத்தில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணின் வெள்ளை சாட்டின் கவுன் இவர் மெஷின்மேல் பாதி தைத்த நிலையில் கிடந்தது. அதை ஒட்டினாற்போல் மேலே கூரை கசிந்தது. நகர்த்தலாமென்றால், அந்த அறையில் மெஷினுக்கு வேறு இடமில்லை. கூப்பிட்ட குரலுக்கு மதலைமுத்து வந்தார். கையில் பைப் ரிஞ்சு இல்லை. பேனாக்கத்தியும் பூதக்கண்ணாடியும் இருந்தன. பின்னாலேயே அவர் மனைவி பியாட்ரிஸும், எதிர்வீட்டிலிருந்து நானும்.

"அண்ணா, தண்ணி சொட்டுது. மேல வால்வ மூடுங்க."

"இரும்மா. மொதல்ல இது எந்தக் காலத்துக் கசிவுன்னு தெரியணும்."

கூரையிலிருந்து சுவரில் இறங்கிய விரிசலின் பக்கத்தில் ஓர் அங்குலத்தைச் சுரண்டினார். சின்னத்தாய் வீட்டில் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் சுவருக்குப் புதுப் பெயிண்ட் உண்டு. ஊதா, அதன் கீழே ரோஸ், அதன் கீழே பச்சை என்று அடுக்கடுக்காக வந்தது. மதலைமுத்துவின் முகத்தில் தங்கம் கண்ட ஒளி.

"கீழ இருக்கறது பழசு, மேல இருக்கறது புதுசு. இங்க பாரு, அடுக்க எண்ணினா ரெண்டு வருஷம் பெயிண்டே இல்ல. இடைமுறிவு!"

"கொரோனாண்ணா. பெயிண்ட்டுக்கு எங்க போறது?"

"இப்ப கடைசி அடுக்கப் பாரு. அடியில சிமெண்ட்டே ஈரம். ஆக, கசிவு ஆதி காலத்துலயே இருக்குது. எனக்கு வீட்ட வித்துட்டு மெல்போர்ன் போனானே லாயிட், அவன் காலம். நான் வந்ததுக்கு முன்ன."

கவனித்தீர்களா? குற்றம் பன்னிரண்டு ஆண்டு பின்னே போய்விட்டது; கடல் தாண்டியும் போய்விட்டது. சாட்டினுக்கு நான்கு விரற்கடை தள்ளி ஒரு சொட்டு விழுந்தது.

சின்னத்தாய் சுவரில் விரலை வைத்தார். "இந்த ஊதா போன டிசம்பர்ல நானே அடிச்சது. விரிசல் இதையும் சேத்துத்தானே பொளந்திருக்குது? கேக் செஞ்சப்புறந்தானேண்ணா அத வெட்ட முடியும்?"

வெட்டுவது, வெட்டப்பட்டதைவிட இளையது. நிலவியலில் முதலாண்டிலேயே கற்பிக்கும் பாடமாம் இது; அவரே எனக்குச் சொன்னதுதான். டிப்ளமா இல்லாத ஒருத்தி திருப்பிச் சொன்னதும் அவர் பூதக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார்.

"பிப்ரவரில நம்ம பாத்ரூம இடிச்சு டைல்ஸ் போட்டீங்களே," என்றார் பியாட்ரிஸ்.

"அது... எல்லை இன்னும் முடிவாகல. அத ஒரு கமிட்டிதான் சொல்லணும். நூத்துக்கு அறுபது ஓட்டாவது வேணும்."

"அவ்ளோதானே?" பியாட்ரிஸ் கையைத் தூக்கினார். சின்னத்தாய் ஊசி பிடித்த கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். "நாலுக்கு மூணு. எழுபத்தஞ்சு. தீர்மானம் பாஸ். போய் வால்வ மூடுங்க, பிளம்பருக்கு நான் போன் பண்றேன்," என்றார் பியாட்ரிஸ்.

மதலைமுத்து என் பக்கம் திரும்பினார். "என் மறுப்பையும் எழுதிக்குங்க." எழுதிக்கொண்டேன்: எட்டு நாற்பத்தாறு. அதன்பின் மாடி ஏறினார், பனியுகம் நகரும் வேகத்தில். சொட்டு நின்றபோது எட்டு ஐம்பத்தொன்று. கவுன் தப்பியது.

சிரிக்கிறீர்கள். நல்லது. மைத்துனர் உங்களை மதிக்காமல் போனது எந்த மாதம், எந்தக் கிழமை, எந்தப் பந்தியில் என்று கேட்டால் உடனே சொல்வீர்களே? நீங்கள் அவரை அழைக்காமல் விட்டது எப்போது? "அதெல்லாம் அந்தக் காலம்" என்கிறீர்களா? அந்தப் பேனாக்கத்தியைக் கீழே வையுங்கள்.