ஜட்ஜ் தாத்தாவின் அறை

வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்திலாவது என் மனைவியை ஜெயித்துவிடுவது என்று முடிவு செய்தேன். பெரிய விஷயமில்லை. ஒரு சுவர்.

சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. இந்தப் பக்கம் என் அறை. சாய்வு நாற்காலி, மின்விசிறி, பகல் தூக்கம் மூன்றும் அங்கேதான் குடித்தனம்.

"அண்டா வைக்கக்கூட இடமில்லை. இந்தச் சுவரை இடிச்சாத்தான் சமையலறை பெருசாகும்."

"அப்ப நான் எங்கே தூங்குறது?"

"ராத்திரி தூங்குற இடத்துலதான். பகல் தூக்கத்துக்குத் தனி மாளிகையா?"

"இது என் கொள்ளுத்தாத்தா வாங்கின வீடு. வரலாறு! ஒரு செங்கல்லைத் தொடக்கூடாது."

"அந்த வரலாற்றைத்தான் கொஞ்சம் காட்டுங்களேன்."

ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே பத்திரப்பதிவு அலுவலகத்தில் போய் நின்றேன். குமாஸ்தா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"வில்லங்கம் எந்த வருஷத்துலேருந்து பார்க்கணும்?"

"கல்யாணமான வருஷத்துலேருந்து சார்."

"நான் வீட்டு வில்லங்கத்தைக் கேட்டேன்."

"நானும் அதைத்தான் சொல்றேன்."

அவரும் கல்யாணமானவர் போலிருக்கிறது. மறுபேச்சுப் பேசாமல் தேடி, பழைய பத்திரத்தின் நகலைக் கொடுத்தார். கொள்ளுத்தாத்தாவின் பெயர் இருந்தது. பக்கத்திலேயே தொழில்: கோர்ட்டு டவாலி. அதாவது, கோர்ட்டு வாசலில் நின்று ஆட்களைப் பெயர் சொல்லிக் கூவுகிற வேலை.

டவாலிக்காக எவளாவது சுவரை விட்டுவைப்பாளா? வீட்டுக்கு நடந்து வருவதற்குள் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டேன். பெரிய பொய் என்று சொல்ல முடியாது. அதே கோர்ட்டுதான். வெளியே நின்றவரை உள்ளே உட்கார வைத்தேன்.

"கொள்ளுத்தாத்தா ஜட்ஜ்! என் அறையில உட்கார்ந்துதான் தீர்ப்பெல்லாம் எழுதியிருக்கார்!"

மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கே நம்ப முடியவில்லை.

"அப்படின்னா அந்த அறைமேல யாரும் கைவைக்கக் கூடாதுங்க" என்றாள்.

அன்று தூங்கிய தூக்கம் இருக்கிறதே! அதுதான் கடைசி. மறுநாள் கதவில் ஒரு பூட்டு தொங்கியது.

"என்ன இது?"

"ஜட்ஜ் உட்கார்ந்த இடத்துல கண்டவங்களும் குறட்டை விடலாமா?"

"நான் கண்டவனா? அவரோட கொள்ளுப்பேரன்!"

"அதுதான் அவருக்கு இன்னும் அவமானம்."

அடுத்த வாரம் தெருவே அறையைப் பார்க்க வந்தது. கதவு திறந்ததும் நானும் எட்டிப் பார்த்தேன். சமையலறையில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் உள்ளே வரிசையாக நின்றது.

"இது ஜட்ஜ் குளிச்ச அண்டா" என்றாள் மனைவி.

எதிர்வீட்டு அம்மா பயபக்தியோடு பார்த்தாள். "அந்த மிக்ஸி?"

"அதுவும் அவரோடதுதான்."

"அந்தக் காலத்துல ஏது மிக்ஸி?"

"ஜட்ஜாச்சே! அவங்களுக்கெல்லாம் முன்கூட்டியே கொடுத்திருப்பாங்க."

அந்த அம்மா தலையாட்டினாள். சமையலறை மைதானம் மாதிரி ஆகிவிட்டது. நான் கூடத்து பெஞ்சில் கழுத்து சுளுக்கிக் கிடந்தேன். கடைசியில் சரணடைந்தேன்.

"உண்மையைச் சொல்லிடறேன். அவர் ஜட்ஜ் இல்லை. டவாலி."

"தெரியுமே."

"எப்படி?"

"பத்திரத்தைப் பையில வச்சபடியே சட்டையைத் துவைக்கப் போட்டா? படிச்சுட்டுத்தான் உங்க மேஜையில வச்சேன்."

"அப்படின்னா பூட்டைத் திற!"

"தாராளமா. நாளைக்குக் கொத்தனாரை வரச் சொல்றேன்."

"கொத்தனார் எதுக்கு?"

"டவாலி வீட்டுச் சுவரை இடிக்க யாரைக் கேட்கணும்? யோசிச்சுச் சொல்லுங்க. ஜட்ஜுன்னா பூட்டு. டவாலின்னா கடப்பாரை."

யோசித்தேன். இடித்த சுவர் எழுந்து நிற்காது. பூட்டு என்றைக்காவது திறக்கும். தவிர, எதிர்வீட்டுக்காரர் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்.

"ஜட்ஜ்தான்" என்றேன், ஈனஸ்வரத்தில்.

"காதுல விழலை."

"ஜட்ஜ்!"

அவள் மனம் இளகிவிட்டது. சாவியை என் கையிலேயே கொடுத்தாள். இப்போது தினமும் காலையில் நானே பூட்டைத் திறந்துகொண்டு என் அறைக்குள் கம்பீரமாக நுழைகிறேன், துடைப்பத்தோடு.