பிரேக் பிடித்துவிட்டது, வண்டி விற்பனைக்கு இல்லை

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவர் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்கா, வண்டி மூவரும் சௌக்கியம். அங்கே வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மரியாதையாக ‘நீங்கள்’ என்று தொடங்கியிருக்கிறேன், விஷயத்துக்கு வந்ததும் ‘நீ’ ஆகிவிடும், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தாலே ‘மாமா, டவர் இல்லை’ என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்கு டவர் தேவையில்லை.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரேக் பிடித்துவிட்டது மாப்பிள்ளை! நானே மாற்றினேன், நாலு சக்கரத்துக்கும், இந்த இரண்டு கையால். ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துப் போக ஒருவரை ஏற்பாடு செய்து முன்பணமும் வாங்கி வைத்திருக்கிறாயே, அவர் யாரோ எவரோ, அவரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிடு. உன் அக்கா விற்கச் சொன்னதற்கு ஒரே காரணம் பிரேக். அந்தக் காரணம் இப்போது இல்லை. இன்சூரன்ஸ் ஆபீசில் விபத்துப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவன் நான். ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று எழுதி வந்த எத்தனையோ மனுக்களை ‘காரணம் ஏற்கத்தக்கதல்ல’ என்று திருப்பி அனுப்பியவன். அதே வாக்கியத்தை என் வீட்டு ஹாலில் நின்று உன் அக்கா என்னிடம் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். ஆபீசும் போயிற்று. காலையில் ஒரு இடத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று எனக்கு மிச்சம் இருந்தது அந்த வண்டி ஒன்றுதான். அதுவும் போனால் நான் ஹாலில் இன்னொரு நாற்காலி, அவ்வளவுதான்.

எப்படி நடந்தது என்று கேள். தெருமுனையில் நான் திரும்பும்போது வண்டி போடுகிற கிரீச்சில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து எங்கள் கேட்டைத் திறந்து வைப்பார், அந்த அளவுக்குப் போய்விட்டது. சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்துக் காபியெல்லாம் கொடுத்தார்கள். பிறகு ஒரு தொகை சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகு அந்தக் காபி எனக்கு ஜீரணமே ஆகவில்லை. சரி, மனிதன் செய்ததுதானே, மனிதன் கழற்ற முடியாதா என்று வீட்டுக்கு வந்து வீடியோ பார்த்து, ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றப் பார்த்தால் நட்டு அசையவே இல்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன். அப்போதும் அசையவில்லை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த உன் அக்கா, கொஞ்சம் குதிங்க என்றாள், கேலியாகத்தான் சொன்னாள், ஆனால் குதித்ததும் நட்டு கழன்றது, நானும் விழுந்தேன். உள்ளே பார்த்தால் பிரேக் பேடில் பேடே இல்லை, வெறும் இரும்புத் தகடு.

அந்தத் தகட்டை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போவது என்று முடிவு செய்தேன். பையெல்லாம் கரி ஆகுமே என்று கையில் கிடைத்த ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு போனேன். அது என் பழைய ஆபீஸ் டிபன் டப்பா. அதற்கு உன் அக்கா என்ன பேசினாள் என்பதை இங்கே எழுத முடியாது, இது குடும்பக் கடிதம். முதல் கடைக்காரர் டப்பாவைத் திறந்து பார்த்து, இது எந்தக் காலத்து வண்டி என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், வண்டியைக் கேட்கிறாரா என்னைக் கேட்கிறாரா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டாவது கடையில் கொடுத்தது பார்க்க அச்சு அசல் அதே மாதிரி, வீட்டுக்கு வந்து பொருத்தினால் ஓரத்தில் நீட்டியிருக்கிற காது ஒரு நூல் பெரிசு. அரம் வைத்து ராவினேன், ராவினேன், ராவ ராவ அது ஒரு நூல் சின்னதாகிவிட்டது. அப்புறம் இன்டர்நெட்டில் தேடினால் நம்ப முடியாத விலைக்கு ஒரு ஜோடி கிடந்தது. படத்தில் என்ன கம்பீரம் தெரியுமா? பார்சல் வந்தது தீப்பெட்டி சைஸில். சைக்கிளுக்காம். நம்மிடம் சைக்கிளும் இல்லை. உன் அக்கா அதை ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டாள், மேஜை இப்போது ஆடுவதில்லை.

கடைசியில்தான் அந்தத் தங்கமான மனிதரைப் பார்த்தேன். ஊர் எல்லையில் பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகமாக விற்கிற கடை வைத்திருக்கிறார். கதவு தனி, சீட்டு தனி, கண்ணாடி தனி என்று அடுக்கி வைத்திருந்த இடுக்கில் நுழைந்து என் டப்பாவைத் திறந்தேன். என்ன வண்டி என்றார். சொன்னேன். என்ன கலர் என்றார். பிரேக்குக்கும் கலருக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தபடியே சொன்னேன். நம்பர் என்றார். சொன்னதும் போனை எடுத்து எதையோ பார்த்தார், முகம் அப்படியே மலர்ந்துவிட்டது மாப்பிள்ளை! எனக்கு ஸ்டூல் போட்டார், டீ வரவழைத்தார், உள்ளே போய்ப் பிரிக்காத பெட்டியோடு முன் சக்கரத்துக்குப் புது பேட், பின் சக்கரத்துக்குப் புது பிரேக் ஷூ, எல்லாம் கொண்டுவந்து வைத்தார். விலையைக் கேட்டதும் இது திருட்டு சாமானோ என்று பயந்தே போனேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“வேற வண்டிக்குக் கேட்டிருந்தா இந்த விலைக்குத் தர மாட்டேன் சார். இந்த வண்டிக்குன்னா தரலாம். எங்கே போயிடப் போகுது?”

இந்தக் காலத்தில் வண்டி மேல் இவ்வளவு பாசம் யாருக்கு இருக்கிறது, சொல். பின் சக்கரத்தையும் விட்டுவிடாதீங்க, அரைகுறையா செய்யாதீங்க என்று அறிவுரை, பிரேக் ஆயில் இரண்டு டப்பா இலவசம். மறுநாள் அவரே போன் செய்து கிரீஸ் வைத்தீர்களா என்று விசாரித்தார். ஏசி நன்றாகக் குளிருகிறதா என்றுகூட அக்கறையாகக் கேட்டார். கூடப்பிறந்தவர்கள் கேட்பார்களா? நீ கேட்டாயா?

பின் சக்கரத்து டிரம்மைத் திறந்ததும் ஒரு ஸ்பிரிங் தெறித்து மதில் தாண்டிப் போய் எதிர்வீட்டுக்காரர் செய்தித்தாளில் விழுந்தது. அவர் கொண்டுவந்து கொடுத்தார், கேட்டையும் சாத்திவிட்டுப் போனார். ஆயில் மாற்றும்போதுதான் உன் அக்காவின் உதவி தேவைப்பட்டது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் கீழே படுத்துத் திருகைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். நடுவில் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே புகுந்துவிடும். நான் அடியில் கிடந்து ‘மிதி’, ‘பிடி’, ‘விடு’ என்று கத்துகிறேன். கல்யாணமான நாளிலிருந்து நான் இட்ட கட்டளையெல்லாம் அவள் அப்படியே கேட்டது அந்த ஒரு மணி நேரம்தான். கடைசிச் சக்கரத்தில், திருகு திறந்திருக்கும்போது, அவளுக்கு ஒரு போன் வந்தது. பேசுகிற சுவாரசியத்தில் காலை எடுத்துவிட்டாள். எல்லாம் முதலிலிருந்து. போன் செய்தது யார்? நீதான்! வண்டியை விற்கிற விஷயமாக! என் முகமெல்லாம் ஆயில். அவள் குனிந்து பார்த்துச் சொன்னாள்:

“நான் மிதிச்சாதான் உங்க வேலை நடக்குதுன்னு இப்பவாவது தெரியுதா?”

தெரிந்தது. மறுபடி மிதித்தாள்.

இன்று காலை ஓட்டிப் பார்த்தேன். அவளாகவே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், கையில் டம்ளர் நிறையத் தண்ணீர், சோதனையாம். தெருமுனை வந்தது, மிதித்தேன். சத்தமே இல்லை. சும்மா வெண்ணெய் மாதிரி நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை. அவள் அந்தத் தண்ணீரை என்னிடம் நீட்டி, வண்டி நின்னுது என்றாள். வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். இனிமேல் எவன் வந்து கேட்டாலும் இந்த வண்டியைக் கொடுக்க மாட்டேன். உடனே அந்த ஆளுக்குச் சொல்லிவிடு, சாக்குப்போக்கு வேண்டாம்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசி. நீயும் நன்றாக இரு, அடுத்தவர் வண்டியை விற்காமல்.

இப்படிக்கு,
பிரேக் பிடித்த மகிழ்ச்சியில்,
உன் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் மணி அடித்தது. பார்த்தால் பழைய பாகக் கடைக்காரர். பிரேக்கைப் பற்றி விசாரிக்க வீடு தேடியே வந்துவிட்டாரே என்று நெகிழ்ந்துபோய் உள்ளே கூப்பிட்டால், அவர் என்னைத் தாண்டி உன் அக்காவைப் பார்த்து, அக்கா, உங்க தம்பிதான் ஒரு தடவை முன்னாடியே பார்த்துட்டு வரச் சொன்னார் என்கிறார். அட பாவி மாப்பிள்ளை, நீ முன்பணம் வாங்கியது இவரிடமா! முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று அவரிடம் கேட்டேன். “சொல்லியிருந்தா மாத்தியிருப்பீங்களா சார்?” என்றார். சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

தெருவை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். வந்து, ஒரு சக்கரத்தைக் கழற்றி உள்ளே குனிந்து பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். யார் மாட்டினது என்றார். நான்தான் என்றேன். எங்க கடையிலகூட இவ்வளவு சுத்தமா மாட்ட மாட்டாங்க என்றவர், “காலையில சும்மாதானே சார் இருக்கீங்க?” என்று கேட்டார்.

ஆகவே மேலே எழுதியது எல்லாம் ரத்து. முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியை எடுத்துப் போகட்டும். எப்படியும் அது அந்தக் கடைக்குத்தான் போகிறது, திங்கட்கிழமையிலிருந்து நானும் அங்கேதான் வேலைக்குப் போகிறேன். உன் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனேன். அவள் அந்த டிபன் டப்பாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.