பூண்டு மணக்காத கை

இந்த வாடையை ஒழிக்காமல் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று கியூசிக் சபதம் எடுத்தார். எடுத்த இடம், நண்பன் தோங்பேயின் சமையலறை.

அன்று அவருடைய அக்கா வீட்டில் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி என்கிற காரக் கோஸ் ஊறுகாய் போடும் நாள். "நூறு கோஸ்! அக்கா ஒண்டியா என்ன பண்ணும்? நான் போய்க் கை கொடுத்துட்டு வர்றேன்" என்று மனைவி ஓக்புன்னிடம் உருகிவிட்டு, பஸ் ஏறப் போவதாகப் போக்குக் காட்டி, நேரே கடல் பாறைக்குப் போய்த் தூண்டில் போட்டார். போன வருஷமும் இதே நாளில் இதே வேலையைச் செய்து மாட்டிக்கொண்டவர். "இன்னொரு தடவை கிம்ச்சி நாள்ல தூண்டிலைத் தொட்டீங்க, அது அடுப்புக்குள்ள போயிடும்" என்று ஓக்புன் எச்சரித்திருந்தாள். சொன்னால் செய்கிற பெண். அந்தத் தூண்டிலோ, வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அவர் தனக்குத் தானே வாங்கிக் கொடுத்துக்கொண்ட பரிசு. வீட்டில் அவர் சொன்னபடி வளைகிற ஒரே பொருள்.

சிக்கியது ஒரே ஒரு கணவாய் மீன். அதுவும் பத்து விரலிலும் மையைப் பீய்ச்சிவிட்டுக் கடலுக்கே திரும்பிவிட்டது. போதாக்குறைக்கு இரை இறாலின் நாற்றம். தூண்டிலைத் தோங்பேயின் விறகடுக்குக்குப் பின்னால் ஒளித்துவிட்டு வேலையில் இறங்கினார்.

முதலில் உப்பும் வினிகரும்.

"டேய், அது என் பொண்டாட்டி ஊறுகாய்க்கு வெச்சிருக்கிற வினிகர்டா!"

"ஒரு சொட்டுதான்."

"பாட்டில்ல இப்ப மீதியே ஒரு சொட்டுதான்டா!"

அடுத்து பற்பசை. மை மங்கியது, நாற்றம் அசையவில்லை. அரிசி கழுவிய தண்ணீரில் ஊறப்போட்டார். காப்பித்தூளால் தேய்த்தார். எவர்சில்வர் கரண்டியைக் குழாயடியில் பிடித்து உள்ளங்கையில் உருட்டினார்.

"கரண்டியில தேய்ச்சா நாத்தம் எங்கடா போகும்?"

"கரண்டிக்குப் போகும்."

"அப்புறம் கரண்டி?"

"அது உன் குடும்பப் பிரச்சனை."

கடைசியாக ஒரு கிண்ணம் சோஜு. தோங்பேயின் கண் கலங்கிவிட்டது. "குடிக்கிற சரக்கைக் கையில ஊத்துற மனுஷனை இன்னிக்குத்தான்டா பார்க்கிறேன்."

ஒன்றரை மணி நேரப் போர். தோங்பே முகர்ந்து பார்த்து, "பச்சைக் குழந்தை கை" என்று தீர்ப்புச் சொன்னான். கியூசிக் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

ஓக்புன் வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவர்கள் வீட்டுக் கிம்ச்சி.

"வந்துட்டீங்களா? வேலை அதிகமோ?"

"முதுகே போச்சு. நூறு கோஸுக்கும் மிளகாய் விழுது தடவினது நான்தான்."

"அடப் பாவமே! கையைக் காட்டுங்க."

கம்பீரமாக நீட்டினார். முகர்ந்தாள். திருப்பி முகர்ந்தாள்.

"மீன் வாடையே இல்லையே!"

"எப்படி இருக்கும்?"

"பூண்டு வாடையும் இல்லை."

கியூசிக் கையை மெல்லப் பின்னுக்கு இழுத்தார். அவள் விடவில்லை.

"நூறு கோஸ் தடவின கையில சிவப்பு மூணு நாளைக்குப் போகாது, பூண்டு ஒரு வாரத்துக்குப் போகாது. இன்னிக்கு இந்த ஊர்லயே வெள்ளைக் கை உங்களுக்குத்தாங்க."

"க... கையுறை போட்டுக்கிட்டேன்!"

"உங்க அக்கா வீட்லயா? கைப்பக்குவம் இறங்காதுன்னு கையுறை போட்டவளை வாசலோட அனுப்பினவங்களாச்சே!"

கியூசிக் சரணடைந்தார். "தூண்டிலை மட்டும் அடுப்புல போட்டுடாதே, ஓக்புன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் ஏன் போடறேன்? நல்ல கம்பு. வினிகர் போன வயித்தெரிச்சல்ல தோங்பே பொண்டாட்டி அப்பவே கொண்டாந்து கொடுத்துட்டா. மேலே பாருங்க."

பார்த்தார். கூரையடியில் குறுக்கே கட்டிக் கிடந்தது தூண்டில். குளிர்காலக் குழம்புக்கு உலர்த்தும் முள்ளங்கிக் கீரை, கட்டுக் கட்டாக அதில் தொங்கியது.

"எப்ப இறக்கித் தருவே?"

ஓக்புன் பூண்டுக் கூடையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

"கீரை காஞ்சதும். மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் இதை உரிங்க."