ஷட்டருக்கு இறக்கம் உண்டு

இந்தக் கோடையில் என் மதியத் தூக்கத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை என்று உறுதி பூண்டேன். யாருக்காகவும் என்றால் என் மனைவிக்காக. அவளிடம் இதைச் சொல்லவில்லை. உறுதி வேறு, துணிச்சல் வேறு.

நான் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துபவன். வீட்டிலேயே வேலை. காலையில் மற்றவர்களின் தப்பைக் கண்டுபிடிப்பேன், சாப்பிட்டதும் கொஞ்சம் கண்ணயர்வேன். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. ஒரு சொட்டு ரத்தத்தில் ஆளின் பூர்வோத்தரத்தையே சொல்லிவிடுவாள். என் விஷயத்தில் அந்த ஒரு சொட்டும் அவளுக்குத் தேவைப்படுவதில்லை.

எங்கள் வீட்டுக்கு மேலே மொட்டை மாடி, நாலு பக்கமும் ஜன்னல். ஒவ்வொரு ஜன்னலுக்கும் வெளிப்பக்கம் சுருண்டு ஏறும் அலுமினிய ஷட்டர். சுவரோரம் தொங்கும் நாடாவை இழுத்தால் ஏறும், தளர்த்தினால் இறங்கும். இத்தனை காலம் அதை அவள்தான் பார்த்துக்கொண்டாள். இந்த வருஷம் வெயில் தொடங்கியதும் பொறுப்பை என்னிடம் தள்ளிவிட்டாள். வெயில் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் மூட வேண்டும். சாயங்காலம் காற்று குளிர்ந்ததும் எல்லாவற்றையும் திறக்க வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு வெயில் வருவதும் எனக்குத் தூக்கம் வருவதும் ஒரே நேரம். சரியாக அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும்.

"மூடிட்டீங்களா?"

"மூடிக்கிட்டே இருக்கேன்."

"கண்ணயா, ஜன்னலயா?"

மூடு மூடு என்று கேட்டுக் கேட்டு என் மூடே போய்விட்டது. ஷட்டருக்கு இறக்கம் உண்டு, என் மனைவிக்கு இரக்கம் கிடையாது. பிழை திருத்துபவன் சொல்கிறேன், இரண்டிலும் எழுத்து சரியாகத்தான் இருக்கிறது.

அப்படிப் பிறந்ததுதான் என் திட்டம். ஜன்னலுக்கு ஒரு மோட்டார். சுவருக்கு வெளியே வெளிச்சத்தை உணரும் ஒரு சென்சார். வெயில் அடித்தால் ஷட்டர் தானாக இறங்கும், வெயில் போனால் தானாக ஏறும். வீண் செலவு என்பாள், உங்களுக்கு எதற்கு இந்த வேலை என்பாள் என்று எண்ணி, எல்லாவற்றுக்கும் பதில் தயாரித்துக்கொண்டு மனைவியிடம் சொன்னேன். உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். தயாரித்த பதிலெல்லாம் வீணாய்ப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஏணி போட்டு ஏறினேன். சுவரில் துளை போட்டேன். தேவையான இடத்திலும் போட்டேன். கடைசியில் மோட்டார்கள் உறுமின.

முதல் நாள் சாப்பிட்டுவிட்டு ராஜா மாதிரி படுத்தேன். வெயில் வந்தது. ஷட்டர்களெல்லாம் கடகடவென்று இறங்கின. எனக்குப் புல்லரித்தது. அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் வந்தது. எல்லாம் ஏறின. மேகம் போனது. எல்லாம் இறங்கின. அன்றைக்கு வானமெங்கும் துண்டு துண்டாக மேகம், அத்தனையும் எங்கள் வீட்டு வழியாகத்தான் ஊர்வலம் போயின. சரக்கு ரயிலுக்குள் கட்டில் போட்டுப் படுத்த மாதிரி இருந்தது.

சற்று நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டுப் பல் டாக்டர், கையில் முதலுதவிப் பெட்டியோடு நின்றார். ஜன்னல்கள் மூடித் திறப்பதைப் பார்த்து, யாரோ ஆபத்தில் மாட்டிக்கொண்டு ஜாடை காட்டுவதாக நினைத்து ஓடி வந்திருக்கிறார். ஆபத்து உண்மைதான், ஆனால் அது சாயங்காலம்தான் வேலை முடிந்து வரும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

சாயங்காலம் வந்த மனைவி வாசலிலேயே டாக்டரிடம் முழுக்கதையும் கேட்டுவிட்டாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. சாப்பாடு பரிமாறும்போது மெதுவாகச் சொன்னாள்:

"வெளிச்சத்த ஏங்க கேக்குறீங்க? வெளிய சூடு ஜாஸ்தியா, உள்ள ஜாஸ்தியான்னு கேக்கச் சொல்லுங்க. வெளிய ஜாஸ்தின்னா மூடட்டும், உள்ள ஜாஸ்தின்னா தெறக்கட்டும்."

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றேன். தெரியும் என்று இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

அதன்படியே உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று வெப்பத்தை அளக்கும் சென்சார்கள் வைத்தேன். வீடே மாறிப்போனது. தெருவில் தார் உருகினாலும் எங்கள் கூடத்தில் தரை சில்லென்று இருந்தது. போன் வருவது நின்றது. தலையணைக்கும் எனக்கும் நடுவில் யாரும் இல்லை. உலகத்தில் நிம்மதி என்று ஒன்று உண்டென்றால், அது அரையிருட்டில் குறட்டை விடும் என்று தெரிந்துகொண்டேன்.

ஒரு நாள் அவள் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் அப்போதுதான் விழித்து, எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தேன். அறை இருட்டாக இருந்ததால் தூங்குகிறேன் என்று நினைத்து, கூடத்தில் உட்கார்ந்து தன் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"ஷட்டருக்கு மோட்டார் போடுங்கன்னு நான் கேட்டிருந்தா, பாக்கலாம் பாக்கலாம்னே காலத்த ஓட்டியிருப்பாருக்கா. அதான் நாடாவ அவர் கையில குடுத்தேன். தூக்கம் கெட்டுச்சு, மோட்டார் வந்துடுச்சு."

அக்கா ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"அடுத்து பாத்திரம் கழுவுற மெஷின். நாளையிலேர்ந்து எனக்கு மணிக்கட்டு வலிக்கப் போவுது."

போர்வைக்குள் என் ரத்தம் கொதித்தது. இந்த முறை ஏமாறப்போவதில்லை. எத்தனை பாத்திரம் வந்தாலும் சிரித்துக்கொண்டே கழுவுவேன், கையாலேயே கழுவுவேன், மெஷின் என்ற சொல்லே என் வாயில் வராது.

மறுநாள் மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டு, அத்தனை கச்சிதம். நான் உடனே ஸ்க்ரப்பரை எடுத்துப் பாத்திரம் தேய்த்தேன். பாட்டுகூடப் பாடினேன். அன்றைக்குப் பால் அடிப்பிடித்தது. மறுநாள் பருப்பும் அடிப்பிடித்தது. அதற்கு மறுநாள் எதுவும் அடிப்பிடிக்கவில்லை, ஆனால் அவள் அக்கா குடும்பத்தோடு சாப்பிட வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சமையலறை மேடைக்கு அடியில் தவழ்ந்து, மெஷின் வைக்க இடம் போதுமா என்று டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தேன். டேப்பின் மறுமுனையை, கட்டுப் போட்ட கையாலேயே, அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள் என் மனைவி.